ஒன்றைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்: கல்கத்தாவும் பைனாமியலும்

வங்கிக்காரர்களுக்கு சி.ஏ.ஐ.ஐ.பி. என்று ஒரு பரீட்சை உண்டு. அதில் 'அட்வான்ஸ்ட் பேங்க் மேனேஜ்மெண்ட்' என்ற தாளைத் திறந்தால் முதல் பகுதியே புள்ளியியல். எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் இன்ஜினியர்கள், அதனால் பயப்படுவதில்லை. என்னைப் போன்ற பி.காம். கோஷ்டிக்குத்தான் வயிற்றைக் கலக்கும். அங்கே வழக்கமாக வரும் கேள்வி இந்த மாதிரி இருக்கும்: 100 கடன் கணக்குகள், ஒவ்வொன்றும் வாராக்கடனாக மாறும் வாய்ப்பு 2 சதவீதம், பத்தோ அதற்கு மேலோ கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு? பைனாமியல் ஃபார்முலாவில் போட்டால் விடை வந்துவிடும். லட்சத்தில் சுமார் 3 முறை. அதாவது நடக்கவே நடக்காது, நிம்மதியாகத் தூங்கலாம் என்று அர்த்தம்.

தூங்கலாமா என்பதுதான் இந்தப் பதிவு.

ஃபார்முலாவில் எண்ணைப் போடுவது பெரிய வேலை இல்லை, கால்குலேட்டரே செய்துவிடும். போடுவதற்கு முன்னால் 'இது பைனாமியல்தானா?' என்று கேட்பதுதான் வேலை. அந்தக் கேள்வியை அழுத்தமாகக் கேட்ட மூன்று பேர், நான் வேலை நிமித்தம் வந்து உட்கார்ந்திருக்கும் இதே கல்கத்தாவில், ஒரே நிறுவனத்தில் இருந்தவர்கள். பாரக்பூர் டிரங்க் ரோடு, 203-ஆம் எண். இந்தியப் புள்ளியியல் கழகம். கல்கத்தா என்றால் நம்மவர்களுக்கு ஹௌரா பாலம், ரசகுல்லா, லேக் மார்க்கெட்டில் கிடைக்கும் வாழை இலை. இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாடப்புத்தகம் சொல்வதைப் பார்த்துவிடுவோம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது 'ஈருறுப்புப் பரவல்'. நிபந்தனைகள் நான்கு. ஒன்று, எத்தனை முறை முயற்சி செய்யப்போகிறோம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டே முடிவுகள். மூன்று, ஒரு முயற்சியின் முடிவு இன்னொன்றைப் பாதிக்கக் கூடாது. நான்கு, வாய்ப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. நாணயத்தைப் பத்து தடவை சுண்டினால் நான்கும் பொருந்தும்.

இரண்டாவது நிபந்தனையில் சிக்கல் குறைவு. தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன், இல்லையென்றால் நல்ல கடன். இரண்டாகப் பிரிப்பது நம் கையில் இருக்கிறது. மற்ற மூன்றும்தான் ஆளைக் கவிழ்க்கும்.

இந்தக் கணக்கின் ஆதி நாணயமே ஒரு விதத்தில் பிரசவ அறைதான். ஆணா பெண்ணா என்பது இயற்கை சுண்டும் நாணயம் இல்லையா? 1710-ல் லண்டனில் ஜான் ஆர்பத்நாட் என்பவர் (அரசி ஆனின் மருத்துவர்) 1629 முதல் 82 ஆண்டுகளின் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டுகளிலும் ஆண் குழந்தைகளே அதிகம். சரிசமமான நாணயம் 82 தடவையும் தலையாகவே விழுமா? விழாது, எனவே இது இறைவன் திட்டம் என்று முடித்தார். மூன்று வருடம் கழித்து, 1713-ல், யாக்கோப் பெர்னோலியின் புத்தகம் வந்தது. அவர் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. இந்த மாதிரி முயற்சிகளுக்கு இன்றும் 'பெர்னோலி முயற்சி' என்றுதான் பெயர்.

நாணயம் சரிசமமாக இல்லாவிட்டாலும், எல்லா வீட்டிலும் ஒரே நாணயமா? ஜெர்மனியின் சாக்ஸனியில் 1876 முதல் 1885 வரையிலான பிறப்புப் பதிவுகளைக் கைஸ்லர் என்பவர் தொகுத்தார். அதில் 12 குழந்தைகள் உள்ள குடும்பங்கள் மட்டும் 6115. (நம் பாட்டி காலத்துக் கதைதான்.) ஆண் பிறக்கும் வாய்ப்பு மொத்தத்தில் சுமார் 52 சதவீதம். பைனாமியல் கணக்குப்படி பன்னிரண்டும் ஆணாக இருக்கும் குடும்பங்கள் 2 வரலாம், வந்தது 7. பன்னிரண்டும் பெண்ணாக ஒரு குடும்பம் வரலாம், வந்தது 3. எண்கள் சின்னவை, ஆனால் இரண்டு ஓரமும் ஒரே திசையில் வீங்கியிருக்கின்றன. ஒவ்வொரு தம்பதிக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் இப்படித்தான் ஓரம் வீங்கும். சராசரி 52 என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் 52 என்று ஆகிவிடாது. நான்காவது நிபந்தனை இடிக்கும் இடம் இது.

சரி, கல்கத்தாவுக்கு வருவோம்.

பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர். அந்தக் கல்லூரியின் ஒரு அறையில் தொடங்கிய புள்ளியியல் சோதனைச்சாலையிலிருந்து 1931 டிசம்பரில் பிறந்ததுதான் இந்தியப் புள்ளியியல் கழகம். 1937-ல் அவர் கைக்கு ஒரு வேலை வந்தது. வங்காளத்தில் எத்தனை ஏக்கரில் சணல் போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வங்காளத்தின் தங்கம் சணல்தான். பரப்பளவு தெரிந்தால் விலை தெரியும், விலை தெரிந்தால் லாபம் யாருக்கு என்று தெரியும். மாகாணம் முழுக்க ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்ப்பது யானைச் செலவு. எனவே வரைபடத்தில் தற்செயலாகப் புள்ளிகளைக் குறித்து, அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் எவ்வளவு சணல் என்று மட்டும் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பார்வைக்கு அப்பட்டமான பைனாமியல். ஒரு துண்டு நிலத்தில் சணல் உண்டு அல்லது இல்லை. இரண்டே முடிவு. அப்படியானால் ஒரே இடத்துக்குப் போய்ப் பெரிய கட்டமாகப் போட்டு நூறு துண்டு நிலத்தைப் பார்த்துவிடலாமே? போக்குவரத்துச் செலவும் மிச்சம்.

அங்கேதான் மஹலநோபிஸ் நின்று யோசித்தார். பக்கத்து வயலும் பக்கத்து வயலும் அந்நியர்கள் இல்லை. ஒரே பள்ளம், ஒரே தண்ணீர், பல சமயம் ஒரே சம்சாரி. ஒன்றில் சணல் என்றால் அடுத்ததிலும் சணலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லா வயல்களையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டிருந்தால் பைனாமியல் பொருந்தும். மண் அப்படிக் கலைந்து கிடப்பதில்லை. கட்டத்தைப் பெரிதாக்கினால் பைனாமியல் சொல்கிற வேகத்தில் பிழை குறைவதில்லை என்பதை அவர் கள அளவீடுகளிலிருந்தே காட்டினார். நூறு வயல் பார்த்தோம் என்று நினைப்போம், உண்மையில் கிடைத்தது பத்து வயலின் தகவலாக இருக்கலாம். ஆகவே கட்டம் எவ்வளவு பெரியது, எத்தனை இடத்தில் என்பதைச் செலவையும் பிழையையும் எடை போட்டுத் தீர்மானித்தார். அதோடு நிற்காமல், ஒரே பகுதிக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாதிரிகளை எடுத்து, இரண்டு கோஷ்டிகளைத் தனித்தனியாக அனுப்பி ஒப்பிட்டும் பார்த்தார். நம் பாஷையில் சொன்னால் மேக்கர், செக்கர். 1941-ல் இந்த முறை வங்காளம் முழுவதற்கும் விரிந்தது. பின்னாளில் தேசிய மாதிரி ஆய்வு வந்ததும் இந்த வழியில்தான். இப்போது ஜூன் 29 என்றால் புள்ளியியல் தினம் என்று கொண்டாடுகிறோமே, அது அவருடைய பிறந்தநாள்.

இரண்டாமவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பெரும்புகழோடு இருந்த உயிரியலாளர். 1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு கிளம்பி வந்து பாராநகரில் மஹலநோபிஸிடம் சேர்ந்துவிட்டார். குர்தா, வேட்டி, பிறகு இந்தியக் குடியுரிமை. கடைசியில் புவனேஸ்வரில் 1964 டிசம்பர் 1 அன்று இறந்தார். நமக்கு வேண்டிய விஷயம் அவர் இங்கு வருவதற்கு முன்னாலேயே, 1945-ல் லண்டனில் எழுதியது.

அவருடைய சிக்கல், மிக அபூர்வமான ஒன்றை எப்படி எண்ணுவது என்பது. நம் பக்கத்து உதாரணமாகவே சொல்கிறேன். கவுண்டரில் வரும் நோட்டுகளில் கள்ளநோட்டு எத்தனை பங்கு என்று தெரிய வேண்டும். 100 நோட்டு பார்ப்போம் என்று முடிவு செய்தால் பெரும்பாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். பூஜ்யத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எனவே எண்ணிக்கையைத் திருப்பிப் போடு என்றார் ஹால்டேன். ஐந்து கள்ளநோட்டு அகப்படும்வரை பார்த்துக்கொண்டே இரு, ஐந்தாவது கிடைத்ததும் நிறுத்து. ஆயிரமாவது நோட்டில் ஐந்தாவது அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். விடை ஆயிரத்துக்கு ஐந்தா?

இல்லை. இது பைனாமியலே இல்லை, முதல் நிபந்தனை போய்விட்டது. எத்தனை நோட்டு என்பது முன்னால் முடிவாகவில்லை, எத்தனை கள்ளநோட்டு என்பதுதான் முடிவாகியிருந்தது. கடைசி நோட்டு கள்ளநோட்டாக இருந்தது தற்செயல் இல்லை. அது கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று நாமே உட்கார்ந்திருந்தோம். அதைக் கழித்துவிடு. மீதி 999 நோட்டில் 4. ஹால்டேன் தந்த மதிப்பீடு இதுதான்: மேலேயும் ஒன்றைக் கழி, கீழேயும் ஒன்றைக் கழி. இப்படிச் செய்தால்தான் சராசரியில் உண்மைக்கு ஒத்துவரும்.

இதே விஷயம் நம் வீடுகளிலும் நடந்ததுதான். 'ஆண் குழந்தை பிறக்கிற வரைக்கும்' என்று இருந்த குடும்பங்கள் எத்தனை! 800 தம்பதிகள் அப்படி முடிவு செய்தார்கள் என்று வையுங்கள், வாய்ப்பு சரிபாதி. முதல் பிரசவத்தில் 400 ஆண், 400 பெண். பெண் பெற்ற 400 பேருக்கு அடுத்தது 200 ஆண், 200 பெண். அதற்கடுத்து 100, 100. கூட்டிக்கொண்டே போனால் மொத்தத்தில் ஆணும் பெண்ணும் சமமாகவே இருக்கும். ஊரின் விகிதம் மாறவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் ஒரு ஆண்தான், அதுவும் எப்போதும் கடைக்குட்டி. இந்த வீடுகளில் போய்ப் பைனாமியலைத் தேடினால் கிடைக்காது. (கருவிலேயே பார்த்து அழிப்பது வேறு பாவம். அங்கே வாய்ப்பே திருத்தப்பட்டுவிடுகிறது, ஊரின் விகிதமும் கெட்டுப்போகும்.)

மூன்றாமவர் சி.ஆர். ராவ். கர்நாடகத்தின் ஹடகலியில் 1920-ல் பிறந்த தெலுங்கர், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். யுத்த காலத்தில் ராணுவத்துக்கான ஒரு வேலைக்கு நேர்முகம் என்று கல்கத்தா வந்தார். வேலை கிடைக்கவில்லை. இங்கே தங்கியிருந்தபோது பழக்கமான ஒருவர் மூலம் புள்ளியியல் கழகம் பற்றித் தெரிந்து, 1941 ஜனவரி 1 அன்று சேர்ந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் அப்பயணம் ஓடியது. வேலை தேடி வடக்கே ரயில் ஏறிய தெற்கத்தி ஆள் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசம். 2023-ல், 102 வயதில், அமெரிக்காவில் காலமானார்.

அவர் 1960-களில் எடுத்துக்கொண்ட கேள்வி, தரவு நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைப் பற்றியது. ஃபிஷர் 1934-லேயே மரபு நோய்கள் விஷயத்தில் இதைத் தொட்டிருந்தார். நோயுள்ள பிள்ளை ஒன்றாவது இருந்தால்தான் அந்தக் குடும்பம் மருத்துவரின் நோட்டில் ஏறும், ஒருவருக்கும் இல்லாத குடும்பம் கண்ணிலேயே படாது என்பது அவர் சொன்னது. ராவ் இதைப் பொதுவான ஒரு கோட்பாடாக்கினார். அந்தக் கட்டுரை அடங்கிய தொகுப்பு 1965-ல் கல்கத்தாவிலிருந்தே வெளியானது. விளக்கிக் காட்ட அவர் பயன்படுத்திய சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். வகுப்பில் உள்ள ஆண் மாணவர்களிடம், "உன்னையும் சேர்த்து உன் வீட்டில் ஆண் எத்தனை, பெண் எத்தனை?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் பல ஊர்களிலும், டெஹ்ரான், டோக்கியோ போன்ற வெளிநாட்டு நகரங்களிலும் இப்படித் தகவல் திரட்டினார். கூட்டினால் ஆண்கள் பாதிக்கு மேல் வருவார்கள். அவசரக்காரர் யாராவது பார்த்தால் 'ஐயோ, இந்த ஊரில் பெண் குழந்தைகளை என்ன செய்கிறார்கள்?' என்று தலைப்புச் செய்தியே போட்டுவிடுவார்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மூன்று பிள்ளைகள் உள்ள 8 குடும்பங்கள், வாய்ப்பு சரிபாதி. கச்சிதமான பைனாமியல்படி மூன்றும் ஆண் உள்ள குடும்பம் ஒன்று, இரண்டு ஆண் உள்ளவை மூன்று, ஒரு ஆண் உள்ளவை மூன்று, ஆணே இல்லாதது ஒன்று. மொத்தம் 12 ஆண், 12 பெண். இப்போது 12 பையன்களையும் கேளுங்கள். மூன்று ஆண் உள்ள வீட்டுக்கு மூன்று பேர் பதில் சொல்வார்கள், கணக்கில் 9 ஆண். இரண்டு ஆண் உள்ள வீடுகளிலிருந்து ஆறு பதில்கள், 12 ஆண், 6 பெண். ஒரு ஆண் உள்ள வீடுகளிலிருந்து மூன்று பதில்கள், 3 ஆண், 6 பெண். மூன்று பெண்கள் உள்ள வீட்டிலிருந்து பதில் சொல்ல ஆளே இல்லை. மொத்தம் 24 ஆண், 12 பெண். சரிபாதி உலகத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள்!

மருந்து? பதில் சொன்ன பையனைக் கழித்துவிடுங்கள். அவன் ஆணாக இருந்தது தற்செயல் அல்ல, ஆண் என்பதால்தான் அவனைக் கேட்டோம். 24-லிருந்து 12 போனால் 12 ஆண், 12 பெண். சரிபாதி திரும்பி வந்துவிட்டது.

ஹால்டேனின் கடைசி நோட்டும் ராவின் மாணவனும் ஒரே ஜாதி என்பதைக் கவனித்தீர்களா? இருவரையும் நம் முறையே உத்தரவாதமாகக் கொண்டுவந்து நிறுத்தியது. மஹலநோபிஸின் பக்கத்து வயலும் பாதிக்குப் பாதி அந்த ரகம்தான், முதல் வயல் அதைக் கைப்பிடித்து இழுத்து வந்துவிடுகிறது. நான்கு நிபந்தனைகளையும் மனப்பாடம் செய்வதைவிட எனக்கு உதவுகிற கேள்வி இது: இதில் உண்மையிலேயே தற்செயலுக்கு விடப்பட்டது எத்தனை? நம் ஏற்பாட்டால் வந்ததைக் கழித்துவிட்டால் மீதி எத்தனை? பைனாமியல் அந்த மீதிக்கு மட்டும்தான் பேசும்.

இப்போது அந்த 100 கடன் கணக்குகளுக்குத் திரும்புவோம். பாராநகரிலிருந்து வடக்கே டிட்டாகர், நைஹாட்டி வரை ஹூக்ளிக் கரையோரம் சணல் ஆலைகள். மஹலநோபிஸ் எண்ணிய அதே சணல். 100 கடன்களும் ஒரே ஆலையின் தொழிலாளிகளுக்குக் கொடுத்தது என்று வையுங்கள். ஒவ்வொருவரும் நாணயமான ஆள், தனியாகப் பார்த்தால் 2 சதவீத ஆபத்துதான். ஒரு காலையில் கேட்டில் 'லாக்-அவுட்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். சம்பளம் நூறு பேருக்கும் ஒரே நாளில் நிற்கிறது. அந்த நோட்டீஸ் வருவதற்கு நூற்றில் இரண்டு வாய்ப்பு என்றால், சராசரி அதே 2 கணக்குதான். ஆனால் பத்துக்கு மேல் கெட்டுப்போகும் வாய்ப்பு லட்சத்தில் 3 இல்லை, லட்சத்தில் 2000. அதுவும் பத்து இல்லை, நூறும். அது நூறு கடன் அல்ல, நூறு பாஸ்புக்கில் எழுதிய ஒரே கடன்.

2008-ல் அமெரிக்க வீட்டுக்கடன்களில் உலகம் பார்த்தது இதன் பெரிய வடிவம். வெவ்வேறு ஊர்க் கடன்களை ஒன்றாகக் கட்டினால் ஆபத்து கரைந்துவிடும் என்று நம்பினார்கள். வீட்டு விலை நாடெங்கும் ஒன்றாகச் சரியலாம் என்பதைக் கணக்கில் போதிய அளவு சேர்க்கவில்லை.

தணிக்கைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 5000 வவுச்சரிலிருந்து 20 எடுத்துப் பார்த்தால் பைனாமியல் போதும். ஒன்றை எடுத்ததால் மீதியின் விகிதம் மாறவே மாறாது எனலாம். 50 வவுச்சரிலிருந்து 20 எடுத்தால் அப்படி இல்லை, ஒவ்வொன்றை எடுக்கும்போதும் மீதி மாறுகிறது. பத்தில் ஒரு பங்குக்குள் எடுத்தால் கவலை இல்லை என்பது நடைமுறை விதி. அந்த 20 வவுச்சரையும் கிளை மேலாளரே பொறுக்கிக் கொடுத்திருந்தால் எந்தப் பரவலும் உதவாது, அது ராவ் பாடம்!

ஆகவே பரீட்சை எழுதப்போகும் தம்பி தங்கைகளே, அங்கே கேட்டபடி ஃபார்முலாவில் போட்டு மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வித்தாளில் உள்ள நூறு கடன்காரர்களுக்கு முகவரி கிடையாது, அதனால் அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். பிரமோஷன் வாங்கிக் கிளைக்குப் போனதும் கடன் விண்ணப்பத்தில் முதலில் முகவரியையும் வேலை செய்யும் இடத்தையும் பாருங்கள். ஒரே கேட் வழியாக எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். அதற்கப்புறம் கால்குலேட்டரைத் தொடலாம்.